பாலில் கலந்த பொடியும் ஒளித்து வைத்த மாத்திரையும்

காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரும் கை அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். ஒருநாள் ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாமல் நான் அழுவதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அன்றைக்கே மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “இது முடக்குவாதம். கிருமியோட சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி உங்க மூட்டோடவே சண்டை போடுது. வைட்டமின் டி-யும் ரொம்பக் கம்மி.”

“அது வெயில்ல கிடைக்கிறதுதானே மேடம்? நாள் பூரா வெயில்லதான நிக்கிறேன்?”

“வேலை செய்யும்போது என்ன போட்டிருப்பீங்க?”

சேலைமேல் முழுக்கைச் சட்டை, கண்ணைத் தவிர முகமெல்லாம் துண்டு. உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலுக்கு பயந்து ஒரு சாண் தோலைக்கூட நாங்கள் வெளியே விடுவதில்லை. சொல்லி முடித்ததும் எனக்கே புரிந்தது.

வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்க வைட்டமின் பொடி கொடுத்தார். மூட்டுக்கும் வாரம் ஒருமுறைதான் மாத்திரை. அதைப் போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டும். மூன்று மாதத்தில் விரல்கள் இளகின. எல்லாம் அந்தப் பொடியால்தான் என்று நானே முடிவு கட்டினேன். மாத்திரை அட்டைகளை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன்.

மழை வந்து உப்பளம் மூடியிருந்த சமயம், ஒருநாள் விடிந்ததும் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. கஞ்சி வைக்க அரிசி எடுக்கப்போன வீட்டுக்காரர் அட்டைகளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குமட்டலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன்.

“ஏம்மா, வாந்தி வருதுன்னு என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டரம்மாவும் திட்டவில்லை. “பொடி உங்க உடம்புல இருந்த குறையைத்தான் சரி பண்ணும். அதால மட்டும் மூட்டுல நடக்கிற சண்டை நிக்காது, மாத்திரையும் வேணும். குமட்டலைக் குறைக்க வழி இருக்கு. நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?”

வலி மெல்ல அடங்கியது. இடது கை மோதிர விரல் மட்டும் கோணியபடியே நின்றுவிட்டது. உப்பு வாரும் வேலையை விட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போடுகிறேன். திங்கட்கிழமை அவர் சமைக்கிறார். குமட்டினால் குமட்டுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.