அப்பா வாங்கிய நோட்டீஸ்

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் போகட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கீழே எங்கள் வாட்ச் ரிப்பேர் கடை, மேலே வீடு. போன வருடம் ஒரு நாள், மாலை 4:10. வாசலில் யாரோ தட்டினார்கள். டக்... டக்... டக். நான் எழுவதற்குள் மாடியிலிருந்து "வர்றேன்" என்றது ஒரு ஆண் குரல். மாடியில் இருந்தது படுத்த படுக்கையான அம்மா மட்டும்தான். பிறகு இடது காலை இழுத்து இழுத்துப் படியிறங்கும் சத்தம்... அப்பாவின் நடை. அவர் செத்து ஒன்பது வருடம். படியில் யாரும் இல்லை. வாசலிலும் இல்லை. பிரமை என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, அம்மா கட்டிலுக்கு மேலே கூரை தொங்க ஆரம்பித்தது. கொத்தனாரை ஏற்றினேன். நகராட்சி ஆட்கள் வந்து தடுத்துவிட்டார்கள். வீடு பாரம்பரியச் சின்னமாம்! ஒரு செங்கல்லைத் தொடக்கூடாதாம்! எங்கள் வீட்டை, எங்களைக் கேட்காமலே!

நகராட்சி அலுவலகத்தில் போய்க் கத்தினேன்.

"நோட்டீஸ் குடுத்தாச்சே. உரிமையாளர் கையெழுத்து இருக்கு பாருங்க," என்றார் அதிகாரி.

பதிவேட்டில் இன்னும் அப்பா பெயர். பெயர் மாற்ற நான் கொடுத்த மனுவைப் பிரித்தே பார்க்கவில்லை, பாவிகள். கையெழுத்தும் அப்பாவுடையது. எதில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் நேரம் எழுதுவார். எழுதியிருந்தார். வாசலில் தட்டிய அதே நாள், 4:12.

அடுத்த தாள், அவர் கையால் எழுதிய ஆட்சேபணை. 'கூரை விழும். கீழே என் மனைவி படுத்திருக்கிறாள்.' அதன்மேல் சிவப்பு மையில்: மனுதாரர் நேரில் வராததால் தள்ளுபடி.

"அவரு செத்துப் போயிட்டாருய்யா!"

"அதுக்கு? நேர்ல வந்தாத்தான் மறு விசாரணை. நாளைக்குப் பதினோரு மணி."

"வருவாரு. இருந்து பாருங்க," என்று வயிற்றெரிச்சலில் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் 11:30. பியூன் போன் செய்தார். அனுமதி தயாராம்.

போனேன். அதிகாரி நாற்காலி காலி.

"உங்கப்பா வந்துட்டுப் போனாருல்ல... அப்பலேர்ந்து ஐயாவுக்குப் பேச்சே வரல," என்றார் பியூன்.

வருகைப் பதிவில் கையெழுத்து. 11:02.

"என்ன பண்ணாரு?"

"ஐயா வாட்ச்சைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போனாரு."

வீட்டுக்கு ஓடினேன். ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்த அப்பா அறையைத் திறந்தேன்.

மேசைமேல் அந்த வாட்ச்...

நின்றிருந்தது.

11:02.

கூரையைச் சரிசெய்துவிட்டோம். அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள். அதிகாரிக்கு இன்னும் பேச்சு வரவில்லையாம். எனக்குத் துளிகூடப் பரிதாபம் இல்லை. வாட்ச் வேண்டுமானால் அப்பா பெயருக்கே நோட்டீஸ் அனுப்பட்டும்.

அவர் வாங்கிக்கொள்வார்.