பழமொழியின் மீதிப் பாதி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது, அவர் நாக்கில் மிச்சம் இருந்தவை பள்ளிக்கூடத்துப் பழமொழிகள் மட்டும்தான். தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. என் பெயர் வராது. ஆனால் யாராவது ஒரு பழமொழியின் முதல் பாதியைச் சொன்னால் போதும், மீதிப் பாதி தங்குதடையில்லாமல் வந்து விழும்.

இதைக் கண்டுபிடித்தவர் குரோம்பேட்டையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண். "சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது அவ்ளோ சீக்கிரம் போகாது மேடம். நீங்க பாதி சொல்லுங்க, சார் முடிப்பார். வீட்லயும் டெய்லி பண்ணுங்க" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். உடனே அவள், "அர்த்தம் புரிஞ்சு சொல்றார்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அது தானா வர்றது" என்று சேர்த்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாங்கள் இருவருமே தாம்பரத்து மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள். அவர் பையன்கள் பள்ளி, நான் பெண்கள் பள்ளி. இரண்டிலும் ஒரே வழக்கம். காலை ஜெபம் முடிந்ததும் மேடையிலிருந்து டீச்சர் ஒரு பழமொழியைப் பாதியில் நிறுத்துவார். மைதானம் முழுக்க மீதியைக் கத்துவோம். யார் அதிகமாகக் கத்துவது என்பதில்தான் எங்களுக்கு அக்கறை, அர்த்தத்தை யார் கண்டார்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் நிழல் ஜன்னல் வழியாக வந்து தரையில் ஆடிக்கொண்டிருக்கும். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானம் ஒன்று தூரத்தில் ரீங்கரித்துக்கொண்டே வட்டமிடும். அவர் கட்டிலில், நான் பக்கத்தில் நாற்காலியில். யானை வரும் பழமொழியை நான் ஆரம்பிப்பேன், அவர் முடிப்பார். காக்கை, தவளை, மாமியார் என்று ஒவ்வொன்றாகப் போகும். பாதித் தூக்கத்தில் என் குரலே எனக்கு அந்த மைதானத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். வெள்ளை ரிப்பன் கட்டிய நான் அங்கே நிற்கிறேன், எங்கோ ஒரு சுவருக்கு அப்பால் அரைக்கால் சட்டையில் அவர் பதில் சொல்கிறார். நாங்கள் இன்னும் சந்திக்கவே இல்லை. அந்த மதியங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்று சொன்னால் நம்புவீர்களா?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் தட்டைத் தள்ளிவிட்டு ரசம் சேலையில் கொட்டிய அன்று, வேண்டுமென்றே பொறுமையைப் பற்றிய பழமொழியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் பச்சைக் குழந்தைபோல அதை முடித்து வைத்தார். முழுசாகக் காதில் விழுந்ததும்தான் உறைத்தது, அது யாருக்கானது என்று. போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, மறுபடி ஊட்டினேன்.

ஒருநாள் பயிற்சிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒருவன் குறுக்கே பைக்கை ஓட்டிவர, ஆட்டோக்காரர் நாயை வைத்து ஒரு பழமொழியில் பாதியைத் திட்டாக எடுத்துவிட்டார். பின்னாலிருந்து இவர் கணீரென்று முடித்தார். ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாக்கா, சாருக்குப் பேச்சு வராதுன்னே? சோக்கா பேசுறாரே!" நானும் சிரித்தேன். இவருக்கு எல்லாம் புரிகிறது என்று நெஞ்சு நிறைந்தது. வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியைப் பார்த்து அதே பாதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் உள்ளே இருக்கிறாரா, இல்லை வெறும் வாய் மட்டும்தான் இருக்கிறதா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

மழை விட்டிருந்த ஒரு மதியம். சில நாட்களாக எனக்குக் காய்ச்சல், யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து யானைப் பழமொழியை ஆரம்பித்தேன். அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு அது. பதில் வரவில்லை. மறுபடி சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன்.

"என்னங்க, இதுகூட மறந்துபோச்சா?" என்றேன்.

இல்லை என்று தலையசைத்தார். நெற்றி நரம்பு புடைக்க, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போட்டார்.

"நீ... கொஞ்சம்... படும்மா."

அப்புறம் சுவரோரம் நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.