மதர்போர்டுக்கு வைத்த பொட்டு

“தொறந்து காட்டினா உங்களுக்கு என்ன மேடம் புரியப்போகுது?”

தி.நகரில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடையொன்றில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இப்படிக் கேட்ட நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. திட்டுவதற்காகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அதுதான் இன்னும் எரிந்தது. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். படித்த படிப்புக்கு வேலைக்குப் போகாமல் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து சம்பாதிக்கிறேன் என்பது வேறு விஷயம். ஒரு நலங்குக் காட்சியை வெட்டிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் அணைந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நான் விடாமல் நின்றதால் கடைசியில் திறந்து காட்டினார். பார்த்ததும் கோபம் இரண்டு மடங்கானது. மெமரி, ஸ்டோரேஜ், எல்லாவற்றையும் ஒரே பலகையில் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அரிசியளவு சில்லு ஒன்று செத்துப்போனால் மொத்தமும் குப்பை. கழற்ற முடியாது, மாற்ற முடியாது, வேறொன்றில் பொருத்த முடியாது. காசு கொடுத்து வாங்கிய பொருளை நான் திறக்கக்கூடாது என்று யாரோ எங்கோ முடிவு செய்திருக்கிறார்கள். அதைத் திறந்தாலும் எனக்குப் புரியாது என்று இவர் முடிவு செய்திருக்கிறார்.

கடைப் படியை விட்டு இறங்குவதற்குள் தீர்மானித்துவிட்டேன். இனி என் கம்ப்யூட்டரை நானே கட்டுவேன். ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, என் கையால் கழற்றி என் கையால் மாட்டும்படி.

அவகாசம் அதிகம் இல்லை. ஐப்பசியில் நான்கு கல்யாணங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் மெஷின் ஓட வேண்டும். ஓடாவிட்டால் நான்கும் போகும். வாக்குக் கொடுத்துக் கைவிரித்தவள் என்று பேரும் கெடும். கல்யாண மண்டபங்களில் அந்தப் பேர் பரவும் வேகம் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் சாப்பிடும்போதும் மதர்போர்டு பற்றித்தான் படித்தேன். புராசஸர் எவ்வளவு வேகம் என்று கேட்பவர்கள் அது உட்காரப்போகும் பலகையைப் பற்றிக் கேட்பதே இல்லை. என் தேவை தெளிவாக இருந்தது. மெமரிக்கு நான்கு இடம் வேண்டும், இன்றைக்கு இரண்டை நிரப்பிவிட்டு நாளைக்கு மற்ற இரண்டையும் நிரப்பலாம். வேகமான ஸ்டோரேஜுக்கு இரண்டு இடம், ஒன்றில் வேலை, ஒன்றில் காட்சிகள். மயிலாப்பூர் வெக்கையில் விடிய விடிய வீடியோ ரெண்டர் ஓடினாலும் காயாத அளவுக்குக் கனமான, சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்க். அவ்வளவுதான். ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஷட்டர்கள் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தன. தெரு முழுக்கச் சாம்பிராணிப் புகை. நான் நுழைந்த கடையில், கடைக்காரர் கல்லாப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் பல வண்ண விளக்கு எரியும் போர்டு ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். தங்கச்சிக்கு இது பிடிக்கும் என்றார். எனக்கு விளக்கு வேண்டாம், இது இது வேண்டும் என்று தாளை நீட்டினேன். மேலிருந்து கீழே படித்தார்.

“யாரும்மா எய்திக் குட்தாங்க?”

“நான்தான் எழுதினேன்.”

“நம்பிட்டேன்” என்று சிரித்தார். தி.நகர்க்காரரின் அதே சிரிப்பு. ஊர் முழுக்க இதற்கு ஒரு பயிற்சி வகுப்பு நடக்கிறதோ என்னவோ.

ஆனால் அவருக்கு விஷயம் தெரியும். நான் கேட்டதற்குச் சரியான போர்டை எடுத்தார். இது கொஞ்சம் பழைய சரக்கு, நான் வாங்கப்போகும் புராசஸரோ புதுசு. போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் புராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது, தானே சரிசெய்து தருகிறேன் என்று உறையைப் பிரித்தார். நியாயம்தான். நான் கைபேசியை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தேன். தொழில் புத்தி. என் முதல் கம்ப்யூட்டர் பிறந்த கதையைப் பின்னால் ஒரு நிமிடப் படமாக வெட்டிப் போடலாம் என்று ஆசை. முதல் போணி என்று பில்லுக்குப் பொட்டு வைத்தவர், போர்டையும் விடவில்லை. ஓரத்து ஹீட்சிங்கில் சின்னதாக ஒன்று வைத்தார். பிறகு பயாஸ் வேலையை முடித்து, திரும்பவும் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ரயிலில் மடியில் அந்தப் பெட்டியோடு திரும்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து சரஸ்வதி பூஜை வந்தது. என் அம்மா ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவர்; கூடத்தில் மரச்சட்டமும் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குமாக அவருடைய ராஜ்யம். பூஜையன்று ஆரி ஊசி, சட்டம், மிக்சி, ஸ்கூட்டர், இன்வெர்ட்டர் என்று வீட்டில் எதற்கும் பொட்டு தப்பாது. என் மதர்போர்டுப் பெட்டியையும் சாமி முன்னால் வை, விஜயதசமி அன்றைக்கு ஆரம்பி, நல்ல நாள் என்றார். வைத்தேன். கவனமாக மேலே ஒரு பிளாஸ்டிக் உறையும் சுற்றி வைத்தேன். அந்த உறைக்கு மேல்தான் பொட்டு விழுந்தது.

விஜயதசமி காலை ஆரம்பித்தேன். சாக்கெட்டில் ஆயிரத்துக்கும் மேலே மயிரிழை போன்ற பின்கள்; அதன்மேல் புராசஸரை இறக்கி நெம்புகோலை அழுத்தும்போது ‘கரக்’ என்று ஒரு சத்தம் வரும். அது இயல்பான சத்தம்தான் என்று படித்திருந்தும், அதையே நினைத்துக்கொண்டு சாக்கெட்டுக்குள் சரியாகப் பார்க்காமலே அழுத்தினேன். மெமரி இரண்டு, கூலர், பவர் சப்ளை. பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை வந்தது. நான் கத்திய கத்தலில் அம்மா ஊசியோடு எழுந்து வந்தார்.

பிறகுதான் அந்த எண்ணைப் பார்த்தேன். போட்டிருந்த மெமரியில் பாதிதான் தெரிந்தது.

மெமரிக் குச்சிகளை மாற்றி மாற்றிச் செருகினேன். இரண்டுமே நல்ல குச்சிகள். போர்டின் ஒரு பக்கத்து இடங்கள் இரண்டும் ஊமையாகக் கிடந்தன. பாதி மெமரியோடு ஒரு கல்யாண வீடியோவைத் திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை அழைப்பிலேயே திணறி நின்றுவிட்டது. கூலரைக் கழற்றி, புராசஸரைத் தூக்கித் திருப்பினேன். அடியில், தங்கப் புள்ளிகளுக்கு நடுவில், சிவப்பாக ஒரு தீற்றல். சாக்கெட்டில் எட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் நான்கைந்து பின்களுக்கு இடையே குங்குமம், சந்தனத்தோடு சேர்ந்து காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் அம்மாவிடம் பேசியதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. எதற்கெடுத்தாலும் பொட்டு, சூடு சொரணை இல்லாத இயந்திரத்துக்கு எதற்குப் பொட்டு, இந்த வீட்டில் ஒரு சாமானை நிம்மதியாக வைக்க முடியுமா என்று கூடத்தில் நின்று கத்தினேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“நீ சுத்தின கவர் மேலதான்டி வெச்சேன். பெட்டியை நான் தொறக்கவே இல்ல.”

நான் நம்பவில்லை. அம்மா சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் வீட்டில் குக்கர் சத்தம் மட்டும்தான்.

போர்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரும் தி.நகரில்தான், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். அங்கிருந்த இளைஞர் சாக்கெட்டைக் கேமராவின் கீழ் வைத்துத் திரையில் பெரிதாக்கினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, அலுப்புதான் வந்தது. “பூஜை சீசன் மேடம். வருஷா வருஷம் வரும். போன வாரம் கீபோர்டுல பொரி.” வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம், வாரன்டி கிடையாது என்று தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். நான் எப்படிக் கையாண்டேன், யார் திறந்தார்கள், எதுவும் கேட்கவில்லை. குங்குமம் இருக்கிறது, எனவே நான் குற்றவாளி.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் போர்டை எவ்வளவு பத்திரமாகக் கையாண்டேன் என்று நிரூபிக்க ஏதாவது இருக்குமா என்று கைபேசியில் பழைய வீடியோக்களைத் தேடினேன். ரிச்சி தெரு வீடியோ வந்தது. முழுதாகப் பார்ப்பது அப்போதுதான்.

கடைக்காரர் ஹீட்சிங்கில் பொட்டு வைக்கிறார். படம் கொஞ்சம் ஆடுகிறது. உடனே ஒரு பெண் குரல், மிக உற்சாகமாக: “அண்ணா, ஷாட் சரியா வரல. இன்னொரு தடவ வைங்க, நல்லா பெருசா.” அவர் சிரிக்கிறார். கட்டை விரலைச் சந்தனத்தில் முக்கி, குங்குமத்தில் தாராளமாக ஒற்றி, இரண்டாவது பொட்டு வைக்கிறார். கையைத் துடைக்கவில்லை. பயாஸ் வேலைக்காகக் கடையிலிருந்த பழைய புராசஸர் ஒன்றை எடுக்கிறார், அதே கட்டை விரல் அதன் அடிப்பாகத்தைப் பிடிக்கிறது, சாக்கெட்டில் இறக்குகிறது.

மயிலாப்பூர்க் குளம் வரும்வரை அந்தப் பன்னிரண்டு நொடியை நான்கு முறை பார்த்தேன். அந்தக் குரல் என்னுடையது.

இருந்தாலும் மறுநாள் காலை ரிச்சி தெருவில் போய் நின்றேன். விடுவதாக இல்லை. வீடியோவைக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்து முடித்து, திரும்ப ஒரு முறை போடச் சொன்னார்.

“இது யாரு கொரலும்மா?”

“என் குரல்தான்.”

“பெருசா வைன்னு நீதானே சொல்லிகினு கீற.”

“பொட்டு வைக்கச் சொன்னேன். அந்தக் கையோட சாக்கெட்டைத் திறக்கச் சொல்லலையே. உங்களுக்கு இத்தனை வருஷ அனுபவம். எனக்கு இது முதல் போர்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். வேறு போர்டு கொடுங்கள் என்றேன். உறை பிரித்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு தான் யாரிடம் விற்பது என்றார். உறையைப் பிரித்ததே நீங்கள்தானே என்றேன். கடையிலிருந்த இன்னொரு வாடிக்கையாளர் விளக்குப் போர்டைக் கீழே வைத்துவிட்டு எங்களைக் கவனிக்க ஆரம்பித்ததும் கடைக்காரரின் குரல் தணிந்தது. தன் கடைப் பேரில் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன், ஆனால் தீபாவளி முடிந்துதான் பதில் வரும் என்றார். அதற்கு நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வாடிக்கையாளர் வீட்டில் திறந்தபோது நேர்ந்தது என்று.

“சும்மா ஒரு பேப்பருக்குத்தாம்மா. கடை பேரு கெட்டுப்போவும்ல.”

என் பேர் கெட்டால் பரவாயில்லையாம். என் அம்மா பேர் கெட்டால் பரவாயில்லையாம். கடைக்காரர் நல்ல மனதோடு வைத்த பொட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை; என் ஆட்டத்துக்கு ஆடியதும் உண்மை. ஆனால் தவறில் என் பங்கை நான் கடை நடுவில் நின்று ஒத்துக்கொண்டேன். அவருடைய பங்கையும் சேர்த்து என் தலையில் கட்ட அவருக்கு ஒரு தாள் போதுமென்றால், அந்தத் தாளில் என் பேனா படாது. போர்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதே தெருவில் வேறொரு கடையில், சர்க்யூட் கழுவப் பயன்படுத்தும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பாட்டிலும், காற்றை ஊதும் ரப்பர் பம்ப் ஒன்றும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். என் குரல் வரும் இடத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. தப்பு என்னுதும்மா என்று மட்டும் வந்தது. அம்மா கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவரு வெச்ச பொட்டு ஒரே கோணல். இதுக்கு ரெண்டு ஷாட்டு வேற.”

பிறகு போர்டைக் கேட்டு வாங்கி, ஆரிச் சட்டத்தின் மேல் வைத்து, பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின் எதுவும் வளையவில்லை, நாலு பின்னுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். பஞ்சு வைத்தால் நூல் மாட்டிக்கொள்ளும், பிரஷ் வைத்தால் பின் மடங்கும் என்று நான் சொன்னேன். அது தனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

இதைத் தொட்டுவிட்டால் வாரன்டிக்கு இனி வழியே இல்லை. ஒரு பின் மடங்கினாலும் இப்போதிருக்கும் பாதியும் போகும். தொடாவிட்டால் தீபாவளிவரை காத்திருந்து, முதல் மூன்று கல்யாணங்களைக் கைவிட வேண்டும். யோசித்துப் பார்த்தால், கழற்றி மாட்டும் உரிமைக்காகத்தான் இவ்வளவும் ஆரம்பித்தேன். அந்த உரிமை முத்திரை குத்திய தாளோடு வருவதில்லை.

நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன், விசிறியை நிறுத்திவிட்டு உட்காரப்போகிறோம். ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஆல்கஹாலை எடுத்து, குங்குமத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, பம்பால் ஊதிக் கரைந்ததை வெளியேற்ற வேண்டும். அப்படியும் போகாத துணுக்கு இருந்தால், இருப்பதிலேயே மெல்லிய ஆரி ஊசியால் பின்னைத் தொடாமல் அதை மட்டும் நகர்த்த வேண்டும். அந்த ஊசியை யார் பிடிப்பது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. என் போர்டு என்கிறேன் நான். என் ஊசி என்கிறார் அம்மா.