பெயர் போடாமல் எழுதிய பக்கம்

1. வேலை

பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த என்னை ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டார். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. அங்கே தொழிலாளர்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். கேள்வித்தாள் வேண்டாம், கதையாகச் சொல்ல விடு, சொன்னதை மாற்றாதே, பெயரை மட்டும் எடுத்துவிடு என்றார் பேராசிரியர். அறிக்கையின் ஒரு பிரதியைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்களை உள்ளே விட்டதற்கு நிபந்தனை. அது எனக்கு முதல் நாளே தெரியும். அதை மறைத்துவிட்டு இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை.

2. காதர் பாய்

மூன்று வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. என்னை முதலாளியின் ஆள் என்று நினைத்தார்கள். கடைசியில் பேசியவர் ராயபுரம் காதர் பாய். மோல்டர், அதாவது மணலில் அச்சு அமைப்பவர். யார் பெயரும் வராது என்று அவரிடம் சத்தியம் செய்தேன்.

அவர் சொன்னது மாணிக்கத்தின் கதை. மாணிக்கமும் மோல்டர்தான். மார்புச் சளி என்று அவர் நினைத்திருந்தது டி.பி.யாக இருந்தது. கம்பெனி டாக்டர் கண்டுபிடித்தால் அன்றைக்கே வேலை போய்விடும். வீட்டில் மூன்று பிள்ளைகள். காதர் பாயையும் சேர்த்துக் கூட வேலை செய்த நாலு பேர் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். அவர் வர முடியாத காலைகளில் கேட்டில் மாட்டியிருக்கும் அவருடைய பித்தளை டோக்கனை இவர்களில் ஒருவர் எடுத்து, வருகைக் கணக்கு எழுதும் டைம் கீப்பரிடம் போட்டுவிடுவார். வந்த நாளில் அவரை மணல் நிரப்பிய அச்சுப் பெட்டியைத் தூக்க விடமாட்டார்கள். ஓரமாக உட்கார வைத்து மணல் சலிக்கச் சொல்வார்கள். அவர் போட வேண்டிய அச்சை இவர்கள் போட்டு முடிப்பார்கள்.

"இருமிகினே சலிப்பான் சார். நாங்க காதுல வுயாத மாதிரி இருப்போம்," என்றார்.

வரி விடாமல் எழுதிக்கொண்டேன். பெயரையும் டோக்கன் நம்பரையும் எடுத்தேன். பேராசிரியர் அந்தப் பக்கத்தை மற்ற ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. மானேஜர்

பிரதி போன மறுவாரம் மானேஜர் கூப்பிட்டனுப்பினார். காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க மிஸ்டர். உட்கார்ந்து மணல் சலிக்கிறவன் எங்க ஷாப்ல ஒருத்தன்தான்."

நின்று சலிப்பதுதான் அங்கே வழக்கம். மூன்று மாதம் பக்கத்திலிருந்து பார்த்தும் அது எனக்கு உறைக்கவில்லை. இது ஆராய்ச்சி, புகார் இல்லை என்று கெஞ்சினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாணிக்கம் யாரென்று தெரிந்ததும், அவரைச் சுற்றி வேலை செய்த நாலு பேரும் தெரிந்துபோனார்கள்; அந்தச் சனிக்கிழமையே ஐந்து பேருக்கும் சீட்டுக் கிழிந்தது. அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பேராசிரியர் கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பொங்கலுக்கு முன்பே மாணிக்கம் செத்துப்போனார்.

4. கடைசிச் சந்திப்பு

காதர் பாய் வீட்டுக்குப் போனேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. உட்காரச் சொன்னார்.

"நீ எய்தினதுல பொய் எதுனா கீதா சார்?"

இல்லை என்றேன்.

"அதான் பேஜாரு. பொய்யா இருந்தா இல்லன்னு சொல்லிருப்போம்."

நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பெயரை எடுத்துவிட்டதால் ஆள் மறைந்துவிட மாட்டான். அவன் செய்கிற வேலையே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் பல ஆலைகளில் அறிக்கை எழுதினேன். ஒருவருக்காக இன்னொருவர் செய்ததை யாராவது சொல்ல ஆரம்பித்தால் பேனாவை மூடிவிடுவேன். என் அறிக்கைகளில் சண்டை உண்டு, சோம்பல் உண்டு, குடி உண்டு. நாளைக்கு அவற்றைப் படிக்கிறவர்கள், இந்த ஜனங்கள் ஒருவருக்கொருவர் ஒரு நல்லதும் செய்துகொண்டதில்லை என்றுதான் நினைப்பார்கள்.