திருடன் சீட்டு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே எழுந்து இரண்டு முறை வாசலுக்குப் போய் வருவேன். காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று அம்மா திட்டுவாள். அப்படிப்பட்ட என்னை ஒரு வாரம் வீட்டுக்குள் அடைத்து வைத்ததில் என்ன நடந்தது என்பதை இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் மானம் போகும், அதுதான் காரணம்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த ஆண்டு அது. புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். சில இடங்களில் தார் ரோட்டையே வெட்டிப் பள்ளம் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குள் பஸ் வரவில்லை, பேப்பர் வரவில்லை, கடைகள் திறக்கவில்லை. மரத்தை வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள்தான். சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் என் தம்பியும் கோடரியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், பிறகு தெரிந்தது. படிக்கவும் வேலைக்குப் போகவும் இடம் கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் சில ஊர்களில் காலனிப் பக்கம் குடிசைகள் எரிந்ததாகப் பேச்சு வந்தது. அதைக் கேட்டுவிட்டு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னொருத்தி கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்; திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறிப் போனால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவாள். மறியல் தொடங்கியபோது மலைக்குப் போக முடியாமல் எங்களோடு மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா முன்பக்கத்தில் பள்ளிக்கூடம் படிக்கும் தன் மகளோடு இருந்தார். அவர் வீட்டுக்காரர் கரும்பு ஆலையில் வேலை, அவரும் ஆலையிலேயே மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கும் வரும். ஆனால் யாரைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்பார். எந்த ஊர் என்பது முதல் கேள்வி. அந்த ஊரில் எந்தத் தெரு என்பது இரண்டாவது. எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் யாரும் வீடு கொடுப்பதில்லை. தெருவைச் சொன்னால் ஆள் யார் என்று சொன்னதாகிவிடும். நாங்கள் மூவரும் வீடு கேட்டு வந்த அன்றே அந்தப் பரீட்சையில் தேறியவர்கள்தான். டீச்சர் மணலூர்பேட்டைப் பக்கம் ஓர் ஊரைச் சொல்லி, பெருமாள் கோயில் தெரு என்றாள். வீட்டுக்காரம்மாவுக்குப் பரம திருப்தி.

இரண்டாம் நாளே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெருமுனை வரை போவேன், போலீஸ் வேன் நிற்கும், திரும்பி வருவேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். நர்ஸ் என் அவதியைப் பார்க்க முடியாமல், பழைய கல்யாணப் பத்திரிகையை ஐந்தாகக் கிழித்துச் சீட்டு எழுதினாள். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். வீட்டுக்காரம்மாவையும் அவர் மகளையும் கூப்பிட்டு ஐந்து பேராக உட்கார்ந்தோம்.

எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம்தான். குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். ராஜாவும் போலீஸும் மட்டும் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். மிச்சம் மூன்று பேரில் திருடன் யார் என்று போலீஸ் சொல்ல வேண்டும். பிடித்துவிட்டால் போலீஸுக்கு மதிப்பெண், தவறாகச் சொன்னால் அது திருடனுக்கு. போலீஸ் கேள்வி கேட்கலாம் என்று நாங்கள் ஒரு விதி சேர்த்துக்கொண்டோம். திருடன் பொய் சொல்லித்தான் தப்ப வேண்டும். வீட்டுக்காரம்மா போலீஸாக வந்தால் எங்களுக்குச் சிரிப்புத் தாங்காது. விளையாட்டிலும் அவர் கேட்பது அதே கேள்விதான், எந்த ஊரு, எந்தத் தெரு. அரண்மனைத் தெரு என்று டீச்சர் சிரிக்காமல் பதில் சொல்வாள்.

எனக்குத் திருடன் சீட்டு வந்தால் காது சிவந்துவிடும். சீட்டைப் பிரிக்கும்போதே அந்தச் சின்னப் பெண் என்னைக் கைகாட்டுவாள். டீச்சரை மட்டும் யாராலும் பிடிக்க முடியவில்லை. திருடனாக இருந்தாலும் ராணியாக இருந்தாலும் அவளுக்கு ஒரே முகம்தான். கண்ணைப் பார்த்து, நான் மந்திரி என்று சொல்வாள், நம்பத்தான் தோன்றும். மூன்று நாள் இப்படியே போனது. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. வெளியே போக வழியில்லாத ஆத்திரம் முழுவதும் அவள் முகத்தின் மேல் திரும்பிவிட்டது. ஆட்டம் முடிந்தும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை வாரும்போது பார்த்தேன், அரிசி களையும்போது பார்த்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் மதியம் கண்டுபிடித்துவிட்டேன். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தாமதமாகத்தான் தோன்றியது. திருடன் சீட்டு வந்தால் மட்டும் அவள் அதை மடித்து மடியில் வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்வது போல் வலது கையை மார்புக்குக் கொண்டு போனாள். கட்டைவிரல் துணிக்கு மேல் ஒரு கோடு கீழே இறங்கியது, ஒரு கோடு குறுக்கே போனது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குறி. அதன் பிறகுதான் வாயைத் திறந்து பொய் சொன்னாள். இரண்டு ஆட்டம் பொறுத்திருந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். மூன்றாவதில் நான் போலீஸ்.

"இவதான் திருடன்" என்றேன். சீட்டைப் பிரித்துப் பார்த்தார்கள், அவளேதான். எப்படிக்கா கண்டுபிடித்தீர்கள் என்று வீட்டுக்காரம்மாவின் மகள் கேட்டாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். எனக்கு ஜெயித்த மிதப்பு. கட்டைவிரலை என் மார்பில் வைத்துச் செய்தே காட்டினேன்.

"பொய் சொல்றதுக்கு முன்னாடி இப்படி ஒரு சிலுவ போட்டுக்கினு அப்புறந்தான் சொல்றா. பாருங்க."

சின்னப் பெண் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டுக்காரம்மா டீச்சரின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார். டீச்சர் எதுவுமே நடக்காதது போல் சீட்டுகளைப் பொறுக்கிக் குலுக்கினாள். இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினோம். அந்த இரண்டு ஆட்டத்திலும் வீட்டுக்காரம்மா யாரையும் ஊர், தெரு கேட்கவில்லை.

எழுந்து போகும்போதுதான் கேட்டார். சிரித்த முகமாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"டீச்சர், உங்க ஊர்ல பெருமாள் கோயில் தெருன்னுதான சொன்னீங்க? அதுக்குப் பக்கத்து ஊர்லதான் எங்க நாத்தனார் வூடு கீது. பஸ் வுட்டதும் போறேன். அப்படியே உங்க அம்மாவையும் ஒரு எட்டு பாத்துட்டு வரேன்."

"பாருங்கம்மா, சந்தோஷப்படுவாங்க" என்றாள் டீச்சர்.

அவர்கள் முன்பக்கம் போனதும் நர்ஸ் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள். உனக்கு அறிவு இருக்கிறதா என்று கேட்டாள். தனக்கு ஆறு மாதமாகத் தெரியும் என்றாள். ஆஸ்பத்திரியில் டீச்சரின் அப்பா வந்து படுத்திருந்தபோது அவர் ஊரும் தெருவும் தெரிந்துவிட்டதாம். காலனியில் உள்ள சின்ன மாதா கோயிலுக்கு அடுத்த வீடு. வேதக்காரர்கள் என்பதோடு நிற்கும் விஷயமில்லை அது. வேறு யாரும் வீடு கொடுக்காமல் நான்கு தெரு அலைந்துவிட்டுத்தான் அவள் இங்கே பொட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தெரிந்தும் நர்ஸ் வாயே திறக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலை முழுக்க அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நான்கு நாளாகப் பஸ் ஓட வேண்டும், ஓட வேண்டும் என்று வேண்டியவள் நான். இப்போது பஸ் வரவே கூடாது என்று வேண்டினேன். முதல் பஸ்ஸில் வீட்டுக்காரம்மா மணலூர்பேட்டைக்குக் கிளம்பிவிடுவார். தெருவில் யாரோ இரண்டு பேர், தியாகதுருகம் ரோட்டில் மரங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டு போனார்கள். எந்தப் பொய்யைச் சொல்லி இதை அடைப்பது என்று யோசித்தேன். அது சிலுவை இல்லை, சொறிந்துகொண்டாள் என்று போய்ச் சொல்லலாமா? என் காதைப் பார்த்தாலே அந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

காலையில் கிணற்றடியில் வீட்டுக்காரம்மாவின் மகள் வழக்கம்போல் தண்ணீர் சேந்தித் தரச் சொல்லி டீச்சரிடம் குடத்தை நீட்டினாள். உள்ளேயிருந்து அவள் அம்மா வேறு ஏதோ வேலை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது, யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் தன் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு உள்ளே வந்து துணிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

கச்சிராயபாளையம் வரை நடந்துவிட்டால் போதும், அங்கிருந்து மலைக்கு ஏதாவது லாரி கிடைக்கும், மலையில் மறியல் இல்லை என்றாள். திங்கள் முதல் வெள்ளி வரை தங்கும் அறை பள்ளிக்கூடத்தின் பின்னாலேயே இருக்கிறது, இனி சனி, ஞாயிறும் அங்கேயே இருந்துவிடலாம் என்றாள். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல்தான் இத்தனை நாள் இங்கே வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தாள். விசாரித்துவிட்டு வந்து துரத்துவதற்கு முன்னால் தானே போய்விட்டால், டீச்சர் மலையிலேயே தங்கிவிட்டார் என்றுதான் பேச்சாகும் என்று கணக்குச் சொன்னாள். வேறு யாருடைய கதையையோ சொல்வது போல் இருந்தது அவள் குரல்.

வழி நெடுக வெட்டிய மரங்களுக்குப் பக்கத்தில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர்களை நிறுத்தி எந்த ஊர் என்று கேட்பார்கள். நான் கூட வந்தால் என் ஊரைச் சொல்லிக் கடந்துவிடலாம், என் சித்தி மகள் என்று சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். செருப்பையும் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் தெரிந்தது.

"நீ வேணாம். உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும். நான் தனியா போனா தப்பிச்சிக்குவேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்பக்கமாகவே போனாள். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டாள், அவர் பத்திரமாகப் போங்க என்றார். தெருமுனையில் போலீஸ் வேனைத் தாண்டி அவள் திரும்பும்வரை நான் செருப்போடு வாசலிலேயே நின்றேன். மறுநாளே பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரம்மா நாத்தனார் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு இனி என்ன அவசியம்? காலியான இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். அவளிடமும் வீட்டுக்காரம்மா ஊரும் தெருவும் கேட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சர் மலைக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று கூடப் பல நாள் தெரியாது. மலையிலிருந்து லீவில் வந்த ஒரு வாத்தியார் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் சொல்லித்தான், நல்லபடியாக இருக்கிறாள் என்று தெரிந்தது. போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பரபரப்பு. சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல் இருந்தது. நான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, வக்கீலிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மலைப் பஸ்ஸில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியை அடக்கிக்கொண்டே, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் அவள் தினை புடைத்துக்கொண்டிருந்தாள். கூட இன்னொரு டீச்சர், வயதில் மூத்தவர், கட்டிலில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் அவள் கையில் அப்படியே நின்றது. நெற்றியில் அதே அளவுப் பொட்டு. மூத்த டீச்சர் எழுந்து என்னை வரவேற்று உட்காரச் சொல்லிவிட்டு, பாப்பா எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அங்கே எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். எங்கே பழக்கம் உங்களுக்கு என்று கேட்டார். நான் பதிலுக்கு வாயெடுத்தபோது அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால் இந்த அறையும் போய்விடும், அதற்குமேல் ஏற மலை இல்லை. அவளுக்கு அப்போது ஆபத்து என்று இருந்தது நான் ஒருத்திதான்.

கள்ளக்குறிச்சி வீட்டைச் சொன்னால் ஏன் விட்டு வந்தாள் என்று அடுத்த கேள்வி வரும். டைப் கிளாஸில் பழக்கம் என்றேன். காது சுட்டது. அந்தம்மா நோட்டுக்குத் திரும்பிவிட்டார். டீ குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினோம், பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினோம். மனப்பாடம் செய்து கொண்டுவந்தது எதையும் அங்கே சொல்ல முடியாது.

பஸ் நிற்கும் இடம் வரை அவள் கூட வந்தாள். வழியில் நான் பேச ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ இன்னா சொல்ல வந்தன்னு எனக்குத் தெரியும். உன்மேல கோவம்லாம் இல்ல. ஆனா இனிமே வராத. நீ வந்தா எனக்கு பயமா கீது."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் அந்த மலைக்குப் போகவில்லை.