ஹார்லன் சுட்ட மான்

என் வீட்டுக்காரர் ஹார்லனுக்குத் தோட்டாவைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டால் பசி தெரியாது. பண்ணை பண்ணையாக எரிவாயு லாரி ஓட்டுகிறவர். போகிற இடத்தில் குழாயை மாட்டிவிட்டு, தன் ஏழு மில்லிமீட்டர் மேக்னம் துப்பாக்கி என்ன வேகம், அறுநூறு கஜத்தில் குண்டு எத்தனை அங்குலம் தாழும், காற்று எவ்வளவு தள்ளும் என்று தொடங்கிவிடுவார். கல்யாண நாள் மறந்துபோகும். இந்தக் கணக்கு மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

அவருக்கு எதிர்க்கட்சி என் அண்ணன் டுவேன். வயோமிங் சாலைகளில் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளுகிறவன். அவனுடைய துப்பாக்கி டூ செவன்டி. அதுவும் வேகமான தோட்டாதான், ஆனால் மேக்னம் அளவுக்கு வெடிமருந்து கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காபிக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் பணிப்பெண் கூட அந்தப் பக்கம் வரமாட்டாள். மருந்து கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் குண்டு அவ்வளவாகத் தாழாது, காற்றுக்கும் அவ்வளவாக அசையாது என்பார் இவர். துப்பாக்கி தோளில் உதைக்கும் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனுக்கு வேகம் எதற்கு என்பான் அவன்.

"மாப்ள, நீ உன் வீட்டு வாசல்ல நின்னே மொன்டானா மானச் சுட்டுருவ போல. நடக்க அவ்வளவு சோம்பலா?"

இவர் முறைப்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

நல்ல கிடாய்மான்கள் இருக்கும் மேட்டுக்காட்டில் வேட்டைச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போடுவார்கள். விழுந்தால் இருவருக்கும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை. எங்கள் மகள் பள்ளியில் சேர்ந்த வருடம் போட ஆரம்பித்தார்கள். அவள் லாரி ஓட்டக் கற்றபிறகுதான் விழுந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு மான். மறுபடி விழ இன்னொரு ஆயுசு வேண்டும்.

அக்டோபரில் எங்கள் வீட்டுச் சின்ன லாரியில் மூவரும் போனோம். பைனாகுலர் பார்ப்பது என் வேலை. இரண்டாம் நாள் பிற்பகல் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கிடாய் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. ஓடைவழியாக இறங்கிக் கிட்டே போகலாம் என்றான் டுவேன். அதற்குள் போய்விடும் என்று ஹார்லன் படுத்துக்கொண்டார். எங்கள் மேட்டில் காற்றே இல்லை. ஆனால் நடுப்பள்ளத்தில் புல் சாய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் வெடித்துவிட்டது.

மான் விழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, மெதுவாக ஜூனிப்பர் புதருக்குள் நடந்து போனது. வயிற்றில் பட்டிருக்கிறது. மூவருக்கும் அது புரிந்தது.

இருட்டும்வரை தேடினோம். கொஞ்சம் ரத்தம் கிடைத்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. லாரிக்குத் திரும்பியதும் ஹார்லன் கத்தியை எடுத்துத் தன் சீட்டில் தேதியை வெட்டினார். வெட்டிவிட்டால் அந்தச் சீட்டு தீர்ந்தது. மானைக் கொன்று கையில் பிடித்தவன்தான் வெட்டவேண்டும் என்பது சட்டம். ரத்தம் சிந்தவிட்டால் அது உன் மான் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். எத்தனை வருடக் காத்திருப்பு!

"இன்னும் நாள் இருக்குல்ல? சட்டமே கேக்கல. யாரு பாத்தா?" என்றேன்.

"நான் பாத்தேன், மார்லா," என்றார்.

மறுநாள் டுவேன் வடக்கு மேட்டுக்குப் போயிருக்கவேண்டும். முதல் நாளே அங்கே பெரிய கொம்போடு ஒரு கிழட்டுக் கிடாயைப் பார்த்துவைத்திருந்தான். இரவெல்லாம் அதே பேச்சு. விடிந்ததும் பேசாமல் எங்களோடு புதருக்குள் இறங்கினான். ஹார்லன் துப்பாக்கியை லாரியிலேயே விட்டுவிட்டார். சீட்டு வெட்டியவன் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது.

ஓடைக்கரையில் காக்கை இனத்து மாக்பைப் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. போய்ப் பார்த்தால், மான் படுத்துக் கிடக்கிறது. தலை நிமிர்ந்திருக்கிறது. உயிர் இருக்கிறது. ராத்திரி முழுக்க அந்தக் குளிரில் இப்படியே கிடந்திருக்கிறது, பாவம். எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை.

ஹார்லன் முகம் வெளுத்துவிட்டது. அவர் இனி சுடமுடியாது. அங்கே சுடக்கூடிய ஒரே ஆள் டுவேன்தான். கொன்றவன் சீட்டைத்தான் மானில் கட்டவேண்டும், சுட்டால் அவன் சீட்டும் இதோடு முடிந்தது. மச்சானை ஏறிட்டுப் பார்த்தார். கேட்க அவருக்கு வாய் வரவில்லை. என் அண்ணனிடம் கேட்க எனக்கும் வரவில்லை.

டுவேன் ஒரு நிமிடம் வடக்குப் பக்கம் பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தோளில் வைத்தான். ஒரே வெடி. மான் தலை சாய்ந்தது.

ஹார்லன் புல்லில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். எங்கள் கல்யாணத்திற்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"மச்சான், உன் சீட்டு..." என்றார்.

டுவேன் அதற்குள் சீட்டை எடுத்து வெட்டிக் கொம்பில் கட்டிக்கொண்டிருந்தான்.

"அது கெடக்கட்டும். வெயில் ஏறுது, கறி கெட்டுரும், எழுந்து காலப் புடி மாப்ள," என்றான்.

ஹார்லன் எழுந்து மானின் காலைப் பிடித்துக்கொண்டார்.