நான்கு கட்டங்களில் ஒரே பெயர்

ஐயா, அம்மா, இதை வாசிக்க முன்வந்த தங்களுக்கு வணக்கம். நான் ரப்பர்த் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரையே படித்தவன்; கணினியைக் கையேடுகளைப் பார்த்துக் கற்றவன். நடையில் பிழையிருப்பின் பொறுத்தருள்க.

எண்பதுகளின் நடுவில், சுங்கை பட்டாணியில் ஓர் இரும்புக்கடையின் மாடியில், நானும் தோட்டத்து நண்பர் ஒருவரும் கணினி நிறுவனம் நடத்தினோம். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சம்பளப் பட்டியல் அச்சிட்டுத் தருவதே எங்கள் தொழில். வேலை குறையவே, என்னைவிட இளையவரான அவர் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்.

"பெரிய வேல கெடச்சா ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, மறுநாளே பஸ் ஏறிடுவேன்" என்றார்.

அதன்பின் அச்சு இயந்திரத்தின் இரைச்சலே எனக்குப் பேச்சுத்துணை ஆயிற்று. வேலை இல்லாத நாள்களில் பழைய பட்டியலையே மறுபடி அச்சிட்டதும் உண்டு.

ஓராண்டு கழித்து, மாநிலத்தின் தண்ணீர்க் கட்டணப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவதற்கு அரசாங்கம் டெண்டர் அழைத்தது. அது கிடைத்தால் நண்பர் திரும்பி வருவார். எனக்கு வேண்டியிருந்தது அதுவே.

படிவத்தில் ஊழியர் பெயர்களுக்கென ஒரு பக்கம் இருந்தது: இயக்குநர், நிரல் எழுதுபவர், தரவு பதிபவர், பழுது பார்ப்பவர் என நான்கு கட்டங்கள். நண்பரைத் தொலைபேசியில் அழைத்துக் கூறினேன்.

"எம்பேரப் போட்டுடுங்கண்ணே. யாரு வந்து தலைய எண்ணப் போறா?"

"நீ இங்க இல்லியே தம்பி. எப்படிப் போடறது?"

"அட, என்னாண்ணே நீங்க! எல்லாப் பயலும் மச்சான் பேரு, மாமியா பேருன்னு போடறான். மாமியாளுக்கு கம்ப்யூட்டரு தெரியுமா என்ன?"

சிரித்தேன். ஆயினும் நான்கு கட்டங்களிலும் என் பெயரையே எழுதினேன்.

மாநில அரசாங்க அலுவலகம் இருந்த அலோர் ஸ்டாரில் நேர்காணல். நாட்டின் தலைநகரிலிருந்து வந்த நிறுவனத்தார் எட்டுப் பேர், ஒரே நிறக் கழுத்துப்பட்டையுடன் அமர்ந்திருந்தனர். என் முறை வந்தபோது மலாய் அதிகாரி படிவத்தை இருமுறை புரட்டிப் பார்த்தார்.

"செமுவா சத்து ஓராங் கா?" எல்லாம் ஒரே ஆளா என்று மரியாதையாகவே கேட்டார்.

ஆமாம் என்றேன்.

நான் நோயில் விழுந்தால் யார் வேலை செய்வார் என்று அடுத்துக் கேட்டார். இதுவரை விழுந்ததில்லை என்றேன். அங்கிருந்தோர் எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஒரு மாதத்தில் இரண்டு வரிக் கடிதம் வந்தது. வேலை தலைநகர் நிறுவனத்துக்குப் போயிற்று. நண்பரிடம் தெரிவித்தேன்.

"நான்தான் சொன்னேனேண்ணே" என்றார். பிறகு, "நீங்க எம்பேரப் போட்டிருந்தா, வேல கெடைக்குதோ இல்லியோ, நான் வந்திருப்பேன்லா" என்றார்.

அவர் அங்கேயே மணம் முடித்துக் குடியமர்ந்தார்.

பொய் எழுத மனம் வரவில்லை என்றே நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விட்டுப்போனவரின் பெயரின்றியும் நிற்பேன் என்னும் வீம்பும் அதில் இருந்தது. இதனை அவரிடம் நான் கூறியதில்லை.

அரசாங்கக் கோப்பில் ஆள்பலம் போதாது என்று மட்டுமே குறித்திருப்பார்கள். ஆகையால் தங்களை வேண்டுகிறேன்: அருள்கூர்ந்து இவ்வெழுத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.